கழுத்து பிடிச்சுக்கிட்டா படுத்துடாதீங்க

உழவர்கள் கூடுகிற இடத்தில் இடுப்பு வலியைப் பற்றி நிறையப் பேச்சு நடக்கும். கழுத்தைப் பற்றிப் பேச்சே வராது. ஒருநாள் காலையில் எழுந்ததும் தலையைத் திருப்ப முடியாமல் போகும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். உடனே மருந்துக்கடையில் வலி மாத்திரை, இல்லையென்றால் சலூனில் உட்கார்ந்து "ஒரு சொடுக்கு எடுத்து விடுப்பா".

இந்தச் சொடுக்கு சமாச்சாரத்தை முதலில் பேசிவிடுவோம். கழுத்தின் இரண்டு பக்கமும் எலும்புத் துளைகளின் வழியாக மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது. தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினால் அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்துபோகலாம். அப்படிப் பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான். ஆனாலும் ரெண்டு நாளில் தானாகக் குறையக்கூடிய வலிக்காக அந்த ஆபத்தை எதற்கு விலை கொடுத்து வாங்கணும்? முடி வெட்டுறதோட நிறுத்திக்கச் சொல்லுங்க.

நம்ம தலையின் எடை கிட்டத்தட்ட 5 கிலோ. நிமிர்ந்து நின்றால் அந்த எடை கழுத்தின் 7 எலும்புகள் மேலும் நேராக இறங்கிவிடும். குனிந்தால் அப்படி இல்லை. பின்கழுத்துத் தசைகள்தான் தலையை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கணும். பாத்தியில் உட்கார்ந்து களை எடுப்பது, விதை பொறுக்குவது, நாற்றுப் பறிப்பது எல்லாமே இந்த ரகம்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் செல்போனில் விவசாய வீடியோ பார்க்கிறோமே, அதிலும் கழுத்துக்கு அதே வேலைதான்.

கைத்தெளிப்பான் தனிக்கதை. 16 லிட்டர் டேங்க் நிறைந்தால் கரைசல் மட்டும் 16 கிலோ. பேட்டரி மெஷினின் எடையும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். உள்ளே இருப்பது பஞ்சகவ்யாவா பூச்சி மருந்தா என்பது தோளுக்குத் தெரியாது. நஞ்சில்லாத விவசாயம் என்பதால் எடை குறையப் போவதில்லை.

சரி, பிடித்துக்கொண்டது. என்ன செய்யலாம்? முதல் ஒன்றிரண்டு நாள் கனமான வேலையை மட்டும் தள்ளிப் போடுங்கள். உப்பு ஒத்தடமோ, தவிட்டு ஒத்தடமோ, நொச்சி இலையை வதக்கிக் கட்டுவதோ உங்கள் வீட்டு வழக்கப்படி 15, 20 நிமிடம் செய்யலாம். சூடு பட்டால் இறுகிய தசை இளகும். அதுவே முழு வைத்தியம் ஆகிவிடாது. இளகிய நேரத்தில் கழுத்தை அசைக்கணும். வலிக்காத அளவுக்கு இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். பக்கத்துக்குப் பத்து தடவை, நாளுக்கு நாலைந்து முறை. அசைக்கவே பயந்து படுத்துக் கிடந்தால் தசை இன்னும் இறுகும். கடையில் நாமே பட்டை வாங்கி வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். பட்டை கழுத்தைத் தாங்கத் தாங்க, தசை தன் வேலையை மறந்துவிடும். டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாள் வரைக்கும் போடுங்கள்.

வலி கொஞ்சம் தணிந்ததும் இயன்முறை மருத்துவர்கள் சொல்லித்தரும் முக்கியமான பயிற்சி ஒன்று உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பாருங்கள். தலையைக் குனியாமல், தாடையை மட்டும் நேர் பின்னால் இழுங்கள். ரெட்டைத் தாடை விழும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. 5 விநாடி வைத்திருந்து விடுங்கள். பத்து தடவை. அடுத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகுப் பக்கம் ஒன்றோடொன்று நெருக்கி அதேபோல 5 விநாடி. பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை கையைத் தள்ள, கை தலையைத் தடுக்க, தலை அசையாமல் 5 விநாடி. இதையே இரண்டு பக்கமும் பின்னந்தலையிலும் செய்யணும். லேசாக இழுத்துப் பிடிப்பது போல இருந்தால் தப்பில்லை. வலி கைக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

"நாள் முழுக்க உழைக்கிறோம், நமக்கு எதுக்குப் பயிற்சி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயல் வேலை ஒரே தசைகளைத் திரும்பத் திரும்பக் கசக்குகிறது. தலையை நேராக நிறுத்துகிற முன்கழுத்தின் உள்தசைகளுக்கு அங்கே வேலையே இல்லை. அவற்றுக்குப் பலம் ஏற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். வலி போனதும் பயிற்சியை விட்டால் அடுத்த களைக்கு வலி திரும்ப வந்துவிடும்.

எக்ஸ்ரே பார்த்து "எலும்பு தேய்ஞ்சிருக்கு" என்று சொன்னால் பலர் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிற யோசனைக்கே போய்விடுகிறார்கள். வயதானால் முடி நரைப்பது போலத்தான் தேய்மானமும். வலியே இல்லாத ஆட்களுக்கு எடுத்துப் பார்த்தாலும் நிறையப் பேருக்கு அது தெரியும். படத்தை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க.

வேலை முறையையும் கொஞ்சம் மாற்றணும். டேங்கைத் தரையிலிருந்து ஒரு தோளில் சுழற்றித் தூக்காமல், இடுப்பு உயரத் திட்டில் வைத்து இரண்டு வாரையும் மாட்டுங்கள். 10 லிட்டர் மட்டும் நிரப்புங்கள். நடை கூடும், கழுத்து பிழைக்கும். ஜீவாமிர்தத்தை முதுகில் சுமக்கவே வேண்டாம். வாய்க்கால் தலைப்பில் டிரம் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டால் பாசனத் தண்ணீரோடு போய்விடும். சொட்டுநீர் என்றால் நன்றாக வடிகட்டி வெஞ்சுரியில் விடலாம். புல்லுக்கட்டும் எருக்கூடையும் தலையில் சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தான். சும்மாடு உச்சந்தலையைத்தான் காக்கும், கழுத்தை இல்லை. பெரிய கட்டை ரெண்டாகப் பிரிக்கணும், தூக்கிவிட ஒரு ஆள் வேணும். சுமையோடு திரும்பிப் பார்க்கணும் என்றால் கழுத்தை முறுக்காமல் காலை எடுத்து வைத்து உடம்போடு திரும்பணும். ஒரு தள்ளுவண்டி வாங்கிவிட்டால் இந்தப் பாடே இல்லை. மருந்தடிக்க மெஷின் வாங்கும் வீட்டில் எரு சுமக்க வண்டி வாங்காதது ஏன் என்று ஆண்கள் யோசிக்கலாம்.

சில அறிகுறிகளுக்கு ஒத்தடம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. கை மரத்துப்போவது, பிடித்த அரிவாள் நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தபின் வரும் வலி, நெஞ்சு அழுத்தத்தோடும் வியர்வையோடும் கழுத்துக்கும் கைக்கும் பரவும் வலி. இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

மற்றபடி ரெண்டு மூன்று வாரத்தில் குறையாத வலிக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பயிற்சி தருகிறார்கள். போகும்போது வலிக்கிற இடத்தை மட்டும் காட்டிவிட்டு வராதீங்க. ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிக்கிறீங்க, எந்தத் தோளில் முதலில் மாட்டுறீங்க, கட்டு எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் குனிஞ்சிருக்கீங்க என்று எல்லாத்தையும் சொல்லுங்க. அதற்குத் தகுந்த மாதிரிதான் அவர் பயிற்சியை அமைப்பார்.