நாவற்பழத்தைப் போத்தலில் அடைப்போம்

2009 இல் போர் முடிந்து வன்னியில் வளவுகளுக்குத் திரும்பியபோது தலையிழந்த தென்னைகளையே நாம் கண்டோம். குளக்கரை நாவல்களோ பல இடங்களில் தப்பி நின்றன. பருவத்தில் சில வாரங்களே கொட்டும் இப்பழத்தில் பெரும்பகுதி மண்ணோடு போகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத கொட்டிலிலும் இதன் சாற்றை வைத்துக் குடிக்கலாம்.

ஔவைக்கு முருகன் உதிர்த்ததுபோல் மணலில் விழவிடாமல், சாக்கு விரித்து உலுப்புங்கள். மிதிவெடிப் பலகை நிற்கும் காட்டோரத்தில் மரம் எவ்வளவு காய்த்திருந்தாலும் பிள்ளைகளை விடவேண்டாம்.

பழத்தைக் கழுவிப் பிசைந்து, சிறிது நீர்விட்டு மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் 10 நிமிடம் சூடாக்கி வடியுங்கள். அலுமினியச் சட்டியைப் புளிப்பு அரிக்கும். ஒரு போத்தல் சாற்றுக்கு 750 கிராம் சீனி, 2 தேசிக்காயின் புளி. கொதித்ததும், அவித்தெடுத்த போத்தலில் சூட்டோடு நிரப்பி மூடுங்கள். ஒரு பங்குக்கு நான்கு பங்கு கொதித்தாறிய நீர் சேர்த்துக் குடிக்கலாம்.

சீனியைக் குறைத்தால் சாறு நொதிக்கும். இறுக்கி மூடிய போத்தல் வெடிக்கவும் கூடும். அப்படியே 'வைன்' ஆக்கலாமே என்பார்கள். அனுமதியின்றி மது செய்வது குற்றம். கசிப்பால் நம் குடும்பங்கள் பட்டதும் போதும்.

நாவல் சலரோகத்துக்கு நல்லதென்று சொல்வதுண்டு. ஆனால் இவ்வளவு சீனி சேர்ந்த பானத்தைச் சலரோகக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.