கைத்துப்பாக்கியின் விசைப்பொறி

எந்திரத்தின் உறுப்புகளுள் மிகச் சிறியதே சிலபோது உயிரைக் காப்பதும் போக்குவதுமாய் அமைகின்றது. கைத்துப்பாக்கியின் விசை இதற்குத் தக்க சான்றாகும். பொறியியல் பயில விழையும் மாணவர்க்குப் பயன்படுமாறு, அப்பொறியின் இயல்பையும் அதனை மாற்றுவதால் விளையும் கேட்டையும் ஈண்டுச் சுருங்க விளக்குகின்றோம்.

தோட்டாவின் அடியில், அடிபட்டவுடன் தீப்பற்றும் மருந்தடங்கிய சிறு கிண்ணம் உண்டு. அதனை ஊசியொன்று விரைந்து குத்துதல் வேண்டும். ஒருவகைத் துப்பாக்கியிற் சுத்தியல் அவ்வூசியின் தலையில் அறைகின்றது. மற்றொரு வகையிற் சுத்தியல் இல்லை. ஊசியே சுருள்வில்லின் வலியாற் பாய்ந்து குத்துகின்றது. இவ்வகை புதியதன்று. 1914 இல் சரயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசரைக் கொன்ற பெல்ஜியத் துப்பாக்கியும் இவ்வகையினதே. எனினும், கஸ்ரன் கிளொக் என்பார் அமைத்த துப்பாக்கியை ஒஸ்திரியப் படை 1982 இல் தெரிந்தெடுத்த பின்னரே இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று.

கிளொக் துப்பாக்கியின் மேற்பகுதியைப் பின்னிழுத்து விட்டதும், ஊசியின் வில் ஓரளவே இறுகி நிற்கும். விரல் விசையை அழுத்த, விசையோடு பிணைந்த தண்டு ஊசியை மேலும் பின்தள்ளி, எல்லை வந்ததும் தாழ்ந்து அதனை விடுவிக்கும். இதற்குக் காவல்கள் மூன்று. விசையின் முகத்திலுள்ள சிறு நாக்கை விரல் அழுத்தினாலன்றி விசை பின்செல்லாது. விசை உரிய தூரம் வரும்வரை தண்டு ஒரு படியில் தங்கித் தாழாது நிற்கும். ஊசியின் வழியை ஒரு முளை அடைத்திருக்கும். தண்டு அதனை உயர்த்தும்போதே வழி திறக்கும். விரல் செலுத்தவேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 5½ இறாத்தல்.

இது மிகுதியென எண்ணுவோர், பிற நிறுவனங்கள் ஆக்கி விற்கும் இலகுவான விசையையும் வில்லையும் வாங்கிப் பொருத்துகின்றனர். குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு இது உதவலாம். ஆயின், விரல் எதிர்த்துத் தள்ளுவது ஊசியின் வில்லையே ஆதலின், அதனை மெலிவித்தால் விசை இலகுவாகும். குத்தும் வலியும் குன்றும். மருந்து பற்றாது, ஆபத்து வேளையில் துப்பாக்கி ஊமையாகும். தண்டும் ஊசியும் தம்முட் பற்றும் அளவைக் குறைத்தாலோ, வேண்டாத வேளையில் வெடித்தலுங் கூடும்.

தொழிற்சாலையிற் பலமுறை சோதிக்கப்பட்டதும் பிழைபடுதல் உண்டு. அமெரிக்காவிலே சிக் சவர் நிறுவனத்தின் பி320 துப்பாக்கி, ஒரு குறித்த கோணத்தில் நிலத்தில் விழும்போது வெடித்தல் 2017 இல் வெளிப்பட்டது. அதன் விசையில் மேற்கூறிய நாக்கு இல்லை. விழுந்த அதிர்ச்சியில் விசை தன் பாரத்தாலேயே பின்சென்றது. நிறுவனத்தார் விசை, ஊசி முதலியவற்றின் பாரத்தைக் குறைத்து, இலவசமாக மாற்றிக்கொடுக்க முன்வந்தனர். சோதனைச்சாலை கண்டதே இவ்வாறாயின், வீட்டு மேசையில் உறுப்பு மாற்றிய துப்பாக்கியைச் சோதித்தவர் யார்?

விசை கடினமாயின் குறையில்லை எனவுங் கொள்ளற்க. நியூயோர்க் நகரப் பொலிசார் நெடுங்காலம் ஏறத்தாழ 12 இறாத்தல் அழுத்தம் வேண்டும் விசையைக் கைக்கொண்டனர். தவறி வெடித்தல் குறையும் என்றனர் ஒரு சாரார். கை அசைந்து குறி பிழைக்கும் என்றனர் மறுசாரார். குறி பிழைத்த குண்டு வழிப்போக்கனையும் கொல்லுமன்றோ?

வெண்பாவில் ஒரு சீரை மாற்றின், அதன் முன்னும் பின்னுமுள்ள தளைகள் சிதைதலை நம் மாணவர் அறிவர். எந்திரத்தின் உறுப்புகளும் அவ்வாறே ஒன்றையொன்று தழுவி நிற்பன. ஒன்றை மாற்ற விழைவோர், அது தொடும் உறுப்பு யாவற்றையும் முன்னர் அறிதல் கடனாகும். செய்யுளில் தளை தட்டினால் ஓசை கெடும். ஈண்டுத் தட்டினால் உயிர் கெடும்.