இராசகிரிக் கோட்டை வாயில்

இராசகிரிக் கோட்டை வாயில் என்பது, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டையின் மிக உயரமான பகுதியான இராசகிரி உச்சிக்குச் செல்லும் நுழைவாயில் ஆகும். இயற்கையான பாறைப் பிளவு ஒன்றையே அகழியாகக் கொண்டு அமைக்கப்பட்டிருப்பது இதன் சிறப்பாகும். தென்னிந்திய மலைக்கோட்டைகளின் பாதுகாப்பு முறையை விளங்கிக்கொள்ள இவ்வாயில் நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றது.

அமைவிடம்

செஞ்சி, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ளது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைக்கின்றன. இம்மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஆகும். மூன்றிலும் உயரமான இராசகிரி சுமார் 240 மீட்டர் உயரமுடையது. இதன் அடிவாரத்திலுள்ள கீழ்க்கோட்டைக்கு வேலூர் வாயில், புதுச்சேரி வாயில் என இரண்டு முதன்மை வாயில்கள் உள்ளன. கல்யாண மகால், களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் முதலியவை கீழ்ப்பகுதியில் உள்ளன.

அமைப்பு

அடிவாரத்திலிருந்து உச்சி நோக்கிச் செல்லும் படிவழியில் அடுத்தடுத்துப் பல வாயில்கள் காணப்படுகின்றன. ஒரு வாயில் வீழ்ந்தாலும் காவலர் அடுத்த வாயிலுக்குப் பின்வாங்கிப் போரிட இவ்வமைப்பு இடமளித்தது. படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருப்பதால் பெரும் படையொன்று அணிவகுத்து ஏற இயலாது. யானைகளையோ பீரங்கிகளையோ கதவருகே கொண்டுவருவதும் அரிது.

உச்சியை நெருங்குமிடத்தில் மலை இரண்டாகப் பிளந்துள்ளது. இப்பிளவு சுமார் 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்டது. இயற்கையாக அமைந்த இது, பின்னர் செயற்கையாகவும் நீட்டி ஆழப்படுத்தப்பட்டது. இதன் மீது மரப்பாலம் ஒன்று இருந்தது. ஆபத்துக் காலத்தில் பாலத்தை அகற்றிவிட்டால் உச்சிக்கு வேறு வழி இல்லை. பாலத்தைக் கடந்தவுடன் வாயில் எதிர்ப்படுவதால், எதிரிகள் கூடி நின்று கதவை இடிப்பதற்கு இடமில்லை. எனவே மிகச் சிலரே பெரும் படையைத் தடுத்து நிறுத்த முடியும். தற்போது பார்வையாளர்களுக்காக நிலையான பாலம் உள்ளது.

வாயிலுக்கு அப்பால் அரங்கநாதர் கோயிலும் பழைய பீரங்கி ஒன்றும் உள்ளன. மலை மீது நீர்ச் சுனைகள் இருந்தமையால் முற்றுகைக் காலத்திலும் காவற்படைக்குக் குடிநீர் கிடைத்தது.

வரலாறு

மரபுவழிச் செய்திகளின்படி, கிபி 1200ஐ ஒட்டிய காலத்தில் கோனார் மரபினர் இங்கு முதலில் அரண் அமைத்தனர். விசயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர் காலத்தில் கோட்டை பெரிதும் விரிவடைந்தது. 1649இல் பீசப்பூர் சுல்தானகத்திடமும், 1677இல் சிவாஜியிடமும் இது சென்றது. சிவாஜி மதில்களையும் அகழிகளையும் வலுப்படுத்தினார்.

சிவாஜியின் மகன் இராசாராம் 1689இல் இங்கு அடைக்கலம் புகுந்தார். 1690இல் முகலாயத் தளபதி சுல்பிக்கார் கான் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டையைச் சூழ்ந்திருந்தவர்களே மழையாலும் உணவுப் பற்றாக்குறையாலும் மராட்டியக் குதிரைப்படையின் தாக்குதலாலும் நலிவுற்று, 1693இல் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. மீண்டும் தொடர்ந்த முற்றுகை 1698இல்தான் முடிவுற்றது. அதற்கு முன்பே இராசாராம் தப்பிச் சென்றுவிட்டார்.

இதற்கு நேர்மாறாக, 1750 செப்டம்பரில் புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை கீழ்க்கோட்டையின் வாயிற்கதவை வெடிமருந்தால் தகர்த்து உள்நுழைந்தது. அன்றிரவே குன்றுகளின் மீதேறி விடியுமுன் கோட்டை முழுவதையும் கைப்பற்றியது. 1761இல் ஐந்து வார முற்றுகைக்குப் பின் ஆங்கிலேயரிடம் கோட்டை சரணடைந்தது.

மழைக்காலமும் வாயிலும்

செஞ்சிப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கின்றது. முற்காலத்தில் இப்பருவம் காவலர்க்குச் சாதகமாக இருந்தது. மழையில் வெடிமருந்து நனைந்தது, திரித்துப்பாக்கியின் திரி அணைந்தது, பாறைகள் வழுக்கின. ஆயினும் மேகமூட்டம் காவலர்க்கும் இடர் தந்தது. வெகுதொலைவில் வரும் படையைக் காண்பதே மலைக்கோட்டையின் முதற் பயனாகும். முகில் தாழ்ந்த நாளில் அப்பயன் கிட்டுவதில்லை. பார்வை குறையும் வேளையில் வாயிற்காவலரின் விழிப்பே கோட்டைக்கு எஞ்சும் பாதுகாப்பு ஆகும்.

இன்றைய பார்வையாளர்க்கும் இது பொருந்தும். மேகமூட்டமான நாளில் வெயிலின்றி ஏறுவது எளிதாயினும், மழை தொடங்கினால் படிகளில் இறங்குவது ஆபத்தானது.

முக்கியத்துவம்

ஒரே கோட்டை ஒருமுறை ஏறத்தாழ எட்டாண்டுகள் தாக்குப்பிடித்ததும், மறுமுறை ஓரிரவில் வீழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. மலையும் பிளவும் இரு நிகழ்வுகளிலும் ஒன்றே. காவற்படையின் அளவு, ஒழுங்கு, உணவு இருப்பு ஆகியவையே வேறுபட்டன. வாயில் எத்துணை வலிமையானதாயினும், அதனைக் காப்போர் இல்லையெனில் அது பயன்தராது என்பதற்கு இராசகிரி சான்றாக உள்ளது.

செஞ்சிக் கோட்டை 1921இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 சூலையில், மராட்டியப் படைத்துறை நிலத்தோற்றங்கள் என்னும் தொகுதியின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அத்தொகுதியிலுள்ள 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டில் அமைந்துள்ளது இது ஒன்றே ஆகும்.