ஒரே கோப்பு, இரண்டு சிப்

ஒரு சிறு வேலை முடிந்ததும் 'வந்த இடத்துக்கே திரும்பு' என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். இன்டெல் சிப்புக்கு ஒரே பைட் போதும்: 195. ஆர்ம் வகைச் சிப்புக்கோ நான்கு பைட் வேண்டும்: 192, 3, 95, 214. கட்டளை ஒன்றுதான், ஆனால் ஒரு சிப்புக்கு எழுதியது மற்றதற்குப் புரியாது. சிப் நேரடியாக இயக்கும் இத்தகைய எண்களால் ஆனதுதான் இருமக் கோப்பு (பைனரி).

2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 என்ற தன் ஆர்ம் சிப்போடு மேக் கணினிகளை இறக்கியது. புதிய மேக்கில் ஆர்ம், வீடுகளில் ஏற்கெனவே இருந்த மேக்கில் இன்டெல். ஒரே ஆப் இரண்டிலும் ஓட வேண்டுமே! அதற்கான வழி யூனிவர்சல் பைனரி: இரண்டு சிப்புக்குமான நிரல்களையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வைத்துவிடுவது.

கோப்பின் தொடக்கத்தில் 202, 254, 186, 190 என்ற நான்கு அடையாள எண்கள். அடுத்த நான்கு பைட்டில், உள்ளே எத்தனை நிரல்கள் என்ற கணக்கு. பிறகு ஒவ்வொரு நிரலுக்கும் 20 பைட்: எந்தச் சிப்புக்கானது, எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரங்கள். மொத்தமே 48 பைட்! யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 'சாப்பிட்டாயிற்றா' என்ற ஒரு சொல்லுக்கும் அதே 48 பைட்தான் ஆகும். இயங்குதளம் இந்தத் தொடக்கப் பகுதியைப் படித்து, தன் சிப்புக்குரிய பகுதியை மட்டும் எடுத்து ஓட்டுகிறது.

வியப்பு என்னவென்றால், ஜாவாவின் கிளாஸ் கோப்பும் இதே நான்கு எண்களில்தான் தொடங்கும். கோப்பு வகையைக் கண்டுபிடிக்கும் 'ஃபைல்' என்ற கருவி அடுத்த நான்கு பைட்டை வைத்துப் பிரித்தறிகிறது. ஜாவா கோப்பென்றால் அங்கே கிளாஸ் கோப்பு வடிவத்தின் பதிப்பு எண் இருக்கும். அது 45-இலிருந்துதான் ஆரம்பம். இரண்டு, மூன்று என்று சிறிய எண் வந்தால் அது யூனிவர்சல் பைனரி.

கோப்பில் ஆர்ம் நிரலே இல்லாவிட்டால்? ரொசெட்டா 2 என்ற மென்பொருள் இன்டெல் கட்டளைகளைப் பெரும்பாலும் முன்கூட்டியே ஆர்ம் கட்டளைகளாக மாற்றிவைத்துவிடும். இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. இன்டெல் சிப்பின் ஒரு கோர், அதாவது கணக்கிடும் அலகு, நினைவகத்தில் எழுதுபவை, எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும். ஆர்ம் சிப்பில் அந்த வரிசை மாறலாம். மாறினால் கோர்கள் சேர்ந்து செய்யும் கணக்கே தப்பாகிவிடும். வரிசையை மென்பொருளால் காத்தால் வேகம் வெகுவாகக் குறையும். அதனால் இன்டெல் வரிசையைக் கடைப்பிடிக்கும் தனிமுறை ஒன்றை எம்1 சிப்புக்குள்ளேயே அமைத்தார்கள். பழைய ஆப்கள் பிசகாமல் ஓடுவதற்காக, புதிய சிப்பின் வடிவமைப்பிலேயே அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் பொறியாளர்கள்!