நர்ஸ் படிப்பும் தேயிலை வேலையும்

சூரியநெல்லி லயங்களில் பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு நர்ஸ் படிக்க ஆசை. "கொழுந்து எடுத்துக்கொண்டே படிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். முடியாது. ஜி.என்.எம். படிப்பு 3 வருடம். வகுப்போடு ஆஸ்பத்திரி டியூட்டியும் உண்டு. இரவு டியூட்டியும் வரும். அந்த 3 வருடமும் மகளின் கூலி வீட்டுக்கு வராது. முதலில் இதைக் கணக்குப் போடுங்கள்.

பெங்களூரில் சீட் இருக்கிறது என்று தரகர் வருவார். இனிக்க இனிக்கப் பேசுவார். பணம் கட்டாதீர்கள். அந்தப் பள்ளிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். பாஸானால் மட்டும் போதாது. மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். பதிந்தால்தான் நர்ஸ் வேலை. அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்தால் பதிய மாட்டார்கள். போட்ட பணம் போச்சு!

வேலையில் சேர்ந்து, கடனை அடைத்த பிறகு, இன்னும் 2 வருடம் படித்து பி.எஸ்சி. பட்டமும் வாங்கலாம்.