பழைய காரில் பெட்ரோலா, டீசலா? ஓடும் தூரம்தான் முடிவு சொல்லும்!

டி. கல்லுப்பட்டி பக்கத்து வாசகர் ஒருவரிடமிருந்து வந்த கடிதம் இது:

‘மூணு ஏக்கர் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறேன். அம்மாவை மாதம் ரெண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இனிமேல் அவரால் பஸ் ஏறி இறங்க முடியாது. அதனால் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். கையில் இருப்பது 2 லட்சத்து 75 ஆயிரம். 2014-ம் வருடத்துப் பெட்ரோல் கார் ஒன்று அந்த விலைக்கே வருகிறது. புரோக்கரோ, “அண்ணே, டீசல் எடுங்க. காலத்துக்கும் லாபம்” என்று 2013-ம் வருடத்து டீசல் காரைக் காட்டுகிறார். அதன் விலை மூன்றரை லட்சம். மீதி 75 ஆயிரத்துக்கு வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். எதை வாங்கலாம்?’

இவர் ஒருவருடைய கேள்வி மட்டும் இல்லை இது. அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறோம்.

‘டீசல்தான் லாபம்’ என்ற பேச்சு எப்படி வந்தது?

அந்தப் பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2012 மே மாதம் பெட்ரோல் விலையை ஒரேயடியாக ஏற்றினார்கள். டெல்லியில் அன்று பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. வித்தியாசம் 32 ரூபாய். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரையும், 20 கிலோமீட்டர் தரும் டீசல் காரையும் எடுத்துக்கொண்டால், டீசல் காரின் எரிபொருள் செலவு பெட்ரோல் காரில் பாதிகூட வராது. ஊரெல்லாம் டீசல் கார் கேட்டது அதனால்தான்.

2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு மட்டும் லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. இப்படியாக வித்தியாசம் சுருங்கிப்போய், இன்று நம் மாநிலத்தில் லிட்டருக்கு 8 ரூபாயை ஒட்டித்தான் நிற்கிறது.

கார் கம்பெனிகளும் மாறிவிட்டன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது, மாருதி நிறுவனம் டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட் நிறுவனத்தின் வடிவமைப்பு. அந்த இன்ஜின் வந்த கார்கள் இன்று பழைய கார் சந்தையில் மட்டும்தான் கிடைக்கும். விலை நிலவரம் மாறிய பிறகும் 2012-ம் வருடத்துப் பேச்சைத்தான் புரோக்கர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் தூரத்தை எழுதுங்கள்

டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் படித்த ஆடிட்டர். அவர் வாழ்ந்த ஊர்க்காரர்கள் கணக்குப் போடாமல் கார் வாங்கலாமா? ஒரு நோட்டை எடுத்து, வருடத்துக்குக் கார் எவ்வளவு ஓடும் என்று எழுதுங்கள். நம் வாசகருக்கு நாம் போட்ட கணக்கு இது:

• மதுரை போய்வர சுமார் 85 கிலோமீட்டர். மாதம் 2 தடவை என்றால் வருடத்துக்கு 2,040.

• வாரம் ஒரு தடவை திருமங்கலம் போய்வர சுமார் 44 கிலோமீட்டர். வருடத்துக்கு 2,288.

• கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் என்று ஒரு 1,600.

மொத்தம் ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர்.

இனி எரிபொருள் கணக்கு. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் பங்கில் அன்றைய விலை எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 31 காசு ஆகிறது. டீசல் காருக்கு 4 ரூபாய் 65 காசு. மிச்சம் 1 ரூபாய் 66 காசு. 6,000 கிலோமீட்டருக்குப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 10,000 ரூபாய்.

இந்தப் பத்தாயிரமும் அப்படியே கையில் நிற்காது. டீசல் காருக்கு இன்ஜின் ஆயில் கூடுதலாகப் பிடிக்கும். டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டும். பேட்டரியும் பெரியது, விலையும் அதிகம். இதற்கெல்லாம் வருடத்துக்கு 5,000 ரூபாய் ஒதுக்கினால் மிஞ்சுவது 5,000 தான். கூடுதலாகக் கொடுத்த 75 ஆயிரத்தை எடுக்க 15 வருடம் ஆகும். 2013-ல் பதிவான அந்த காருக்கு 2028-லேயே பதிவுக் காலம் முடிந்துவிடும். நகைக்கடன் வட்டியை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதே கார் வருடத்துக்கு 18,000 கிலோமீட்டர் ஓடினால் கதை வேறு. எரிபொருளில் சுமார் 30,000 மிச்சம். கூடுதல் பராமரிப்புக்கு 8,000 போனாலும் 22,000 நிற்கும். மூன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். தினமும் மதுரைக்கோ ராஜபாளையத்துக்கோ வேலைக்குப் போய்வருபவர்கள், ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்பவர்கள் நல்ல டீசல் காரைத் தாராளமாக வாங்கலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிய பயம்

‘இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். பழைய காருக்கு ஆகாதாமே?’ என்று பலர் கேட்கிறார்கள். எத்தனாலைக் கரும்பு, அரிசியோடு மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்களில் பெரும்பாலானவை இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை இல்லை. அப்படிப்பட்ட கார்களில் மைலேஜ் 3 முதல் 6 சதவிகிதம் வரை குறையலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. சில பழைய வண்டிகளில் ரப்பர் ட்யூப், கேஸ்கெட் போன்றவற்றைக் கொஞ்சம் முன்னதாகவே மாற்ற வேண்டியிருக்கும் என்றும் அது சொன்னது.

சரி, 5 சதவிகிதம் குறைத்தே கணக்குப் போடுவோம். பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 64 காசு ஆகும். டீசலில் வருடத்துக்கு 12,000 மிச்சம். பராமரிப்பு போக 7,000. அப்போதும் 75 ஆயிரத்தை எடுக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். பெட்ரோல் கார் வாங்கினால், முதல் சர்வீஸிலேயே பெட்ரோல் போகும் ட்யூப்களைப் பார்த்து மாற்றிவிடுங்கள். அது போதும்.

டீசல் காரில் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் கோளாறு வந்தால் பெரும்பாலும் பிளக், காயில், சென்சார் என்று சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். டீசலில் இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், டர்போ என்று மூன்று விலை உயர்ந்த பாகங்கள் இருக்கின்றன. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் இவற்றில் எது எப்போது மடக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று போனாலே, பல வருடம் டீசலில் மிச்சம் பிடித்த பணம் ஒரே பில்லில் போய்விடும்.

விவசாயி வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டிராக்டருக்கு என்று கேனில் வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்குக் காரில் ஊற்றிவிடுவார்கள். கேனில் இருக்கும் தூசியும் தண்ணீரும் இன்றைய கார் இன்ஜெக்டருக்கு எமன். பங்கில் மட்டும்தான் டீசல் போட வேண்டும்.

2020-க்குப் பிறகு வந்த டீசல் கார் என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கும். கார் கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓடி, சூடு ஏறினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

வாடகைக்கு விட்டு எடுத்துவிடலாமா?

‘சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விட்டால் டீசல் கட்டுப்படியாகுமே’ என்று சிலர் சொல்வார்கள். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். அப்படி ஓடும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் கிடைக்காமல் போகலாம். காரில் போனவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நிலத்தை விற்றுக் கொடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். இந்தக் கணக்கே வேண்டாம்.

இன்சூரன்ஸில் ஒரு விஷயம்

கட்டாய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், பெட்ரோலா டீசலா என்று பார்ப்பதில்லை. இன்ஜின் அளவைத்தான் பார்க்கும். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய்; 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. சின்ன பெட்ரோல் கார் என்றால் இதிலும் மிச்சம்தான்.

காரைப் பார்க்கப் போகும்போது...

• காலையில் போங்கள். ‘ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய இன்ஜினில்தான் குறை தெரியும்.

• நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. டீசலில் கறுப்புப் புகை விடாமல் வந்தால் இன்ஜெக்டர், டர்போ இரண்டையும் சந்தேகப்படுங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் அந்த கார் வேண்டாம்.

• இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே ‘குபுகுபு’ என்று புகை வந்தால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

• மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். பிரேக் மிதியும் ஸ்டீயரிங்கும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்க, மீட்டர் 50 ஆயிரம் காட்டினால் பொய். டாக்ஸியாக ஓடிப் பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றிய காரா என்பதையும் விசாரியுங்கள்.

• கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை, சீட்டுக்கு அடியில் துரு இருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன.

• பழைய பெட்ரோல் காரில் கேஸ் கிட் போட்டிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

• உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகாது.

காகிதம் சரியாக இருக்கிறதா?

சொந்த காருக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு காரைக் காட்டி, தகுதிச் சான்று பெற்று, 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. 12, 13 வருடத்துக் காரை வாங்குபவர் இந்தச் செலவையும் பேசித்தான் விலையைக் குறைக்க வேண்டும்.

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை போட்டதைக் கேட்டு, இங்கேயும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. ஆனால், வெளிமாநிலக் கார் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு மாற்றி, இங்குள்ள வரியும் கட்ட வேண்டும்.

பணம் கொடுக்கும் அன்றே படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காரின் மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். 30 நாளுக்குள் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற மனு கொடுக்க வேண்டும். பழைய உரிமையாளரின் ‘நோ கிளைம் போனஸ்’ உங்களுக்கு வராது. போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றம் முடியும்வரை அந்த கார் செய்யும் விபத்துக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

எங்கள் பதில்

வாசகரே, அந்த டீசல் காரை விட்டுவிடுங்கள். வீட்டு நகை வீட்டிலேயே இருக்கட்டும். பெட்ரோல் காரை மெக்கானிக்கிடம் காட்டி, காகிதமும் சரியாக இருந்தால் வாங்குங்கள். 2 லட்சத்து 75 ஆயிரத்தையும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். டயர், பேட்டரி, முதல் சர்வீஸ், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பேசி விலையைக் குறைத்து, குறைந்தது 25 ஆயிரத்தையாவது கையில் வையுங்கள். குறைக்க மாட்டேன் என்றால் அடுத்த காரைப் பாருங்கள், அவசரம் வேண்டாம்.

அதுவரை அம்மாவை வாடகைக் காரில் கூட்டிப் போங்கள். ஒரு தடவை போய்வர ஆகும் வாடகையை 24-ஆல் பெருக்கியும் பாருங்கள். சொந்த கார் வேண்டுமா என்ற கேள்விக்கே அதில் பதில் கிடைத்தாலும் கிடைக்கும். வாங்கிய பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகாத வாரத்திலும் ஒரு நாள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். சும்மா நிற்கும் காரில் பேட்டரி இறங்கிவிடும். தீவன மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எலி ஒயரைக் கடித்துவிடும். ராத்திரியில் அம்மாவுக்கு முடியவில்லை என்றால், சாவியைப் போட்டதும் கிளம்புகிற நிலையில் கார் இருக்க வேண்டும். நீங்கள் கார் வாங்குவதே அதற்காகத்தானே!