நாற்பதுக்கு மேல் தோலுக்கு வேண்டியது மூன்றே வேலை

நாற்பது வயதைத் தாண்டியதும் தோல் மாறத் தொடங்குகிறது. குளித்த கொஞ்ச நேரத்தில் கை கால் வறண்டு, நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது. கண்ணோரம் சுருக்கம் விழுகிறது. கன்னத்தில் மங்கு படர்கிறது. உடனே பலர், யாரோ சொன்னார்கள் என்று ஒரு 'சிவப்பழகு' கிரீமை வாங்கிப் பூச ஆரம்பிக்கிறார்கள். பணம் வீணாவதோடு நின்றால் பரவாயில்லை. நம் கேரளத்திலேயே அது சிலருக்குச் சிறுநீரகம் வரை போயிருக்கிறது.

கோட்டக்கல்லில் கண்டது

மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, சிறுநீர் வழியே புரதம் வெளியேறுதல் ஆகியவை இந்த நோயின் அடையாளங்கள். 22 பேரில் 15 பேருக்கு இருந்தது சாதாரணமாக அதிகம் காணாத ரகம். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள்!

காரணம் பாதரசம். தோலுக்கு நிறம் தரும் பொருள் உண்டாவதை அது தடுக்கிறது. அதனால் சில நாளில் முகம் வெளுத்ததுபோல் தெரியும். ஆனால் பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது.

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்ய' என்ற பெயரில் சோதனையைத் தொடங்கியது. சில முகக் கிரீம்களிலும் உதட்டுச் சாயங்களிலும் அனுமதித்த அளவைப் போல 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025-ல் அரசு அறிவித்தது.

இன்னொரு ஆபத்து ஸ்டீராய்டு களிம்பு. படைக்கு டாக்டர் எழுதித் தந்ததை மிச்சம் வைத்து முகத்துக்குப் பூசுபவர்கள் உண்டு. முதலில் பளபளப்பு வரும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியதும் இதனால்தான்.

வெயிலின் வேலை

வயது ஏறும்போது எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. தோலை இறுக்கிப் பிடிக்கும் 'கொலாஜன்' என்ற புரதமும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது வேகமாக நடக்கும். இதைத் தடுக்க முடியாது. ஆனால் முகத்தை வயதுக்கு மீறி முதிர வைப்பது வெயில். அதைத் தடுக்க முடியும்.

அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் படத்தை 2012-ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, ஆழமாகச் சுருங்கியிருந்தது. மறு கன்னத்தில் அவ்வளவு இல்லை. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி கண்ணாடியைத் துளைத்து வரும் என்பதற்கு அந்த முகமே சாட்சி.

நாகர்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் குமாஸ்தாக்கள் இதைக் கவனிக்கலாம். காலையில் வடமேற்காக வருகிறீர்கள், மாலையில் தென்கிழக்காகத் திரும்புகிறீர்கள். இரண்டு வேளையும் வெயில் பெரும்பாலும் வலப்பக்கம்தான். இடப்பக்க சீட்டில் உட்காருங்கள்.

தினசரி முறை

முதல் வேலை, கழுவுவது. முகத்துக்குக் காலை, மாலை இரண்டு வேளை போதும். காரம் குறைந்த சோப்பு அல்லது பயற்றம் மாவு நல்லது. துணி சோப்பால் குளிக்காதீர்கள். பீர்க்கங்கூடு, கல் வைத்துத் தேய்க்காதீர்கள். சுடுநீர் வறட்சியைக் கூட்டும். கட்டட வேலை செய்பவர்கள் சிமெண்டைக் கையில் காய விடாமல் உடனுக்குடன் கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

இரண்டாவது, ஈரத்தைக் காப்பது. துவட்டியதும், ஈரம் முழுக்கக் காயும் முன்பே கை காலுக்குச் சில துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வறண்ட தோலுக்கு இது மினரல் எண்ணெய்க்கு நிகராக வேலை செய்வதாக 2004-ல் பிலிப்பைன்ஸ் டாக்டர்கள் கண்டார்கள். முகப்பரு வருபவர்கள் முகத்துக்கு எண்ணெய் வேண்டாம். வாசனை இல்லாத கிரீம் போதும்.

மூன்றாவது, நிழல். 2025 கோடையில் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் புற ஊதாக் கதிர் அளவை வெளியிட்டு, காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரை நேர் வெயிலைத் தவிர்க்கச் சொன்னது. சுமை தூக்குபவருக்கும் தெருவில் வியாபாரம் செய்பவருக்கும் அது நடக்கிற காரியமா? அவர்கள் முழுக்கைச் சட்டை போடலாம். தோர்த்தைத் தலையோடு கழுத்தும் காதும் மறையும்படி கட்டலாம். குடையை மழைக்கு மட்டும் என்று வைக்காதீர்கள்.

வசதி உள்ளவர்கள் எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன் ஸ்கிரீன் பூசலாம். ஆஸ்திரேலியாவில் 903 பேரிடம் நாலரை ஆண்டு பார்த்ததில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த முடிவு 2013-ல் வெளியானது.

எந்தக் கிரீம் வாங்கினாலும் தயாரித்தவர் பெயர், விலாசம், லைசென்ஸ் எண், தேதி ஆகியவற்றைப் பாருங்கள். இவை இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டியவை

கழுத்தின் பின்புறம் தடித்துக் கறுப்பது அழுக்கு அல்ல. அது சர்க்கரை நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். தேய்க்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆறாத புண், வடிவம் மாறும் மச்சம், உணர்ச்சி இல்லாத வெளிர் தேமல் ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

வெளுப்புக் கிரீமை இப்போது பூசிக்கொண்டிருப்பவர்கள், கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ தாமதிக்க வேண்டாம். டப்பாவையும் கையோடு எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். கோட்டக்கல் டாக்டர்களுக்கு உண்மையைக் காட்டிக் கொடுத்தது, நோயாளிகள் ஒளிக்காமல் சொன்ன அந்தக் கிரீம் விவரம்தான்.